அயர்ன் மைனா வாசித்துப் போன பிறகு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் மைதானத்தில் வாசித்த வாத்தியம் திங்கட்கிழமை காலையில் பிச்சைக்கனியின் நெஞ்சுக்குள் கேட்டபோது, ஊசிமுடி எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் எப்சிபா செய்த முதல் காரியம், ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்து ஒரு உதறு உதறி, மறுபடி மாட்டிக்கொண்டு, "இருமாதீங்க, மூச்ச மட்டும் இழுங்க" என்று அதட்டியதுதான். பிச்சைக்கனி மூச்சை இழுத்தார். இரண்டு விநாடி நீளத்துக்கு ஒரு சாக்ஸபோன் அடியிலிருந்து ஏறி, மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி, இறங்காமலே நின்று, மறுபடி அடியிலிருந்து ஏறியது. இருமலுக்கு வந்தவருக்குச் சளி உண்டா இல்லையா என்று எழுதவேண்டிய இடத்தில் எப்சிபா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "சளி இல்லை, சாக்ஸபோன் இருக்கிறது" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். பதினெட்டு வருஷ சர்வீஸில் காதில் கேட்டதை அவள் எழுதாமல் விட்டதில்லை.

அந்த வாத்தியம் ஊசிமுடிக்கு வந்து சேர்ந்ததே ஒரு வாட்சரின் கைங்கரியம். பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் எஸ்டேட் எல்லையில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது, அதில் அன்றைக்கு ராமையா இருந்தார். துரைமார் கிளப்புக்கு நூறாவது வருஷ விழா என்று பெங்களூரிலிருந்து ஒரு பேண்டுக்குச் சொல்லியிருந்தார்கள். அதே நாளில் தொழிலாளிகளின் மாரியம்மன் திருவிழாவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் இன்னிசைக் குழுவுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வேனும் அடுத்தடுத்து வந்து நின்றன. முதல் வேனில் ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஒரே நிறத்தில் கோட்டு, கழுத்தில் டை, தலையில் எண்ணெய் மினுமினுப்பு. இரண்டாவது வேனில் நாலே பேர், முட்டியில் கிழிந்த பேன்ட், தோளில் புரளும் முடி, சீப்பைக் கண்டு பல மாசமான தாடி. ராமையா இரண்டு வேனையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோட்டுப் போட்டவர்களைக் கிளப்புக்கும் கிழிந்த பேன்ட்டுகளைக் கோயில் மைதானத்துக்கும் அனுப்பினார். எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்த எந்த மனுஷனும் அதைத்தான் செய்திருப்பான் என்பதால் அவரை யாரும் பிறகு குறை சொல்லவில்லை. கிளப்பில் கோட்டுக்காரர்கள் பாடிய சினிமாப் பாட்டுக்குத் துரைமார் ஆடிய ஆட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு கதை சொல்லலாம், ஆனால் இது அதைப் பற்றியதல்ல.

மைதானத்துக்கு வந்த நாலு பேரின் பேண்டுக்கு அயர்ன் மைனா என்று பேர். பெரிய டிரம்மின் தோலில் துருப்பிடித்த இறக்கையோடு ஒரு மைனா வரைந்திருந்தது. டிரம்ஸ் வாசித்தது ஒரு பெண், இரண்டு காலுக்கும் இரண்டு பெடல் வைத்திருந்தாள். ஒருவன் மின்சாரக் கிதார், ஒருவன் ஆளுயரத்துக்கு ஒரு மரப்பெட்டிபோல நின்ற பெரிய வயலின், நாலாவது ஆள் ஐம்பதைத் தாண்டிய தொந்திக்காரர், சாக்ஸபோன். ஜாஸையும் ஹெவி மெட்டலையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுகிறவர்கள் அவர்கள் என்று கிளப்பு நோட்டீஸில் அச்சடித்திருந்தார்களாம், ஆனால் அந்த நோட்டீஸ் மைதானத்துக்கு வரவில்லை. கோயில் கமிட்டிக்காரர்கள் நாலு பேருக்கும் மாலை போட்டு, சாமி பாட்டு முதலில் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்ததில் ஒரு விசேஷம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் மேலே சொல்வது விளங்காது. ஊசிமுடியில் தினமும் காலை ஏழு மணிக்குத் தொழிலாளிகள் அத்தனை பேரும் வரிசையாக நிற்க, கங்காணி நம்பர் கூப்பிட்டுப் புத்தகத்தில் குறிப்பார். அதற்குப் பெரட்டு என்று பேர், நிற்கிற இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பேர். ஒன்றாம் நம்பர் முன்வரிசையில் இடது ஓரம், கடைசி நம்பர் பின்வரிசையில் வலது ஓரம். அறுபது எழுபது வருஷமாக இப்படியே நின்று பழகிப்போய், அந்த ஜனங்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், ஓட்டுப் போடப் போனாலும், கச்சேரி கேட்கக் கூடினாலும் யாரும் சொல்லாமலே நம்பர் வரிசையில்தான் உட்காருவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் முந்நூற்று ஐந்து பேர் உட்கார்ந்தார்கள்.

முதல் பாட்டுக்குச் சிரித்தார்கள். கிதார்காரன் கம்பியில் கை வைத்ததும் ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்து அரைக்கிற மெஷினில் கல் மாட்டிக்கொண்ட சத்தம் வந்தது, தினமும் எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்துக்குள் நிற்கிறவர்கள், "இதுக்கா இம்புட்டுத் தொலவு வந்தாக, கேட்டிருந்தா நானே மெஷின ஓட்டிவிட்டிருப்பனே" என்று ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். இரண்டாம் பாட்டில் சாக்ஸபோன் நுழைந்தது. அது அந்த இரைச்சலைக் கண்டு பயப்படாமல், அதற்குள்ளேயே ஓர் ஒற்றையடிப் பாதையைக் கண்டுபிடித்து, யாரையோ தேடுகிற மாதிரி நிதானமாக, கொஞ்சம் கிண்டலாகக்கூட, நடந்து போனது. தாளம் விழவேண்டிய இடத்தில் விழவில்லை. ஈரச் சரிவில் கால் வழுக்கியவன் விழுந்தான் என்று நாம் வாயைப் பிளக்கும்போது நாலடி தள்ளி நிமிர்ந்து நிற்பானே, அப்படி நின்றது. மூன்றாம் பாட்டில் சிரிப்பு அடங்கியது. கடைசியாக அவர்கள் வாசித்தது, காலையில் பெரட்டுக்கு ஆகிற நேரத்துக்குக் கூடவுமில்லை குறையவுமில்லை, அதை வாசிக்கும்போது முந்நூற்று ஐந்து பேருக்கும் கையில் மயிர் எழுந்து நின்றது, கைப்பிள்ளைகள் பால் குடிப்பதை நிறுத்தின, கொட்டுக்காரர்கள் தங்கள் கொட்டைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்கள், முடிந்த பிறகு ஒருவரும் கைதட்டவில்லை. கைதட்டத் தெரியாமல் இல்லை, கையைத் தூக்க முடியவில்லை.

தொந்திக்காரர் பயந்துபோய்க் கிதார்காரனைப் பார்த்தார். அவன் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "நல்லா இல்லியா?" என்று மைக்கில் கேட்டான். கோயில் பூசாரி எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "எங்களுக்குச் சாமி வந்தா எறங்கும். இது ஏறிக்கிட்டே இருந்துச்சுங்க. அதான் என்ன செய்யணும்னு தெரியாம உக்காந்திருக்கோம்" என்றார். நாலு பேரும் பால் விடாத கட்டஞ்சாயா வாங்கிக் குடித்துவிட்டு, சாமானைக் கட்டிக்கொண்டு மழைக்கு முன்னே கீழே இறங்கிப் போனார்கள். அன்று சாயங்காலம் பிடித்த மழையில் பதின்மூன்றாம் வளைவுக்குக் கீழே மலை சரிந்து ரோட்டை மூடியது.

இதெல்லாம் எப்சிபாவுக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரி மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், அவள் அன்றைக்கு டியூட்டி. தூரத்தில் உறுமியதை இடி என்று நினைத்து, காயப்போட்ட துணியை எடுத்து உள்ளே வைத்தவள் அவள். அதனால் தொழிலாளிகளின் லைன் வீடுகளிலேயே நெஞ்சுக்குள் ஒன்றுமில்லாத ஆள் அவள் ஒருத்திதான் ஆனாள். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் அது அவளை உறுத்தியது. திங்கட்கிழமை பூராவும் வந்தவர் போனவர் நெஞ்சிலெல்லாம் குழாயை வைத்தாள். ஒருத்திக்குக் கிதார், ஒருத்தனுக்குப் பெரிய வயலின், இன்னொருத்தனுக்கு வெறும் ஒரே ஒரு ஜால்ராத் தட்டு, 'சிங்' என்று. ஆளுக்கு இரண்டு விநாடி, இடைவிடாமல், திரும்பத் திரும்ப. சாயங்காலம் லைன் வீட்டுக்குத் திரும்பியதும் தன் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தாள். சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது.

ஜனங்கள் அதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்லவேண்டும். முதல் நாள் கொஞ்சம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், இரண்டாம் நாளே பழகிப்போனது. புருஷனுக்குக் கிதாரும் பெண்டாட்டிக்கு டிரம்ஸும் வாய்த்த வீட்டில் ஒரே பாயில் படுக்க முடியவில்லை என்று திட்டிக்கொண்டு திசைக்கு ஒருவராகப் படுத்தார்கள். சாக்ஸபோன் வாய்த்த தாய்மார்களுக்கு யோகம், பிள்ளையை மார்பில் சாய்த்தால் போதும், தூங்கிவிடும் என்று அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்று வருஷமாக இழுத்தடித்துக்கொண்டிருந்த ஒரு கல்யாணப் பேச்சு, பையன் நெஞ்சின் கடைசிச் சத்தமும் பெண் நெஞ்சின் முதல் சத்தமும் ஒட்டிக்கொண்டதைப் பெண்ணின் தாய்மாமன் இரண்டு பேர் முதுகிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதுக்கு மேல ஜாதகம் என்னத்துக்கு" என்றதில் முடிந்தது. பூசாரி அம்மன் கொடுத்தது என்றார், பாஸ்டர் கர்த்தர் கொடுத்தது என்றார், யூனியன் தலைவர் மட்டும் இதில் நிர்வாகத்தின் சூழ்ச்சி ஏதோ இருக்கிறது, அது என்ன என்று கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று அறிவித்தார். ஒற்றை ஜால்ராத் தட்டு வாய்த்த சங்கரபாண்டிதான் பாவம், "எல்லாருக்கும் என்னென்னமோ கெடச்சிருக்கு, எனக்கு மட்டும் ஒரு சிங்கு" என்று இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பூங்காவனம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவளுக்கு எட்டாம் மாசம் முடிந்து ஒன்பது பிறந்திருந்தது. அவள் புருஷன் தங்கப்பழம் ஐந்து மாசத்துக்கு முன்னால் நிழல்மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருந்தபோது விழுந்து செத்துப்போனான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை, அது தரித்த சேதி தெரிந்து பத்து நாள்தான் அவன் இருந்தான். அவள் பெஞ்சில் உட்காரக்கூட இல்லை.

"சிஸ்டர், நேத்துலருந்து அசையல."

"கொஞ்சங்கூடவா?"

"முந்தாநேத்து லேசா. நேத்துலருந்து ஒண்ணுமே இல்ல. தண்ணி குடிச்சுப் பாத்தேன், சாஞ்சு படுத்துப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரி எல்லாம் பாத்துட்டேன்."

எப்சிபா அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, பிள்ளைத் துடிப்பு கேட்கும் மரக்குழலை எடுத்து, அகன்ற வாயை வயிற்றிலும் சின்ன வாயைத் தன் காதிலும் பொருத்தினாள். டிரம்ஸ் வாசித்த பெண்ணின் இரண்டு காலும் பூங்காவனத்துக்குள்தான் இருந்தன. தட தட தட தட என்று, கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தால் நிமிஷத்துக்கு நூற்று நாற்பது. வயிற்றுப் பிள்ளையின் இருதயமும் நிமிஷத்துக்கு நூற்று நாற்பதுதான் அடிக்கும். மேலே வைத்தாள், கீழே வைத்தாள், இடுப்போரம் வைத்தாள், எங்கே வைத்தாலும் அந்தக் கால்கள்தான். அதற்கு அடியில் இன்னொன்று துடிக்கிறதா, இல்லையா, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

எஸ்டேட் ஆபீஸ் போனில் பொள்ளாச்சி டாக்டரைப் பிடித்தாள். வாரம் ஒருமுறை மேலே வருகிறவர் அவர், மண்சரிவால் கீழேயே மாட்டிக்கொண்டிருந்தார். "துடிப்பு இல்லன்னா உடனே எறக்கணும் சிஸ்டர், வெச்சுக்கிட்டிருந்தா தாய்க்கும் ஆபத்து. துடிப்பு இருந்தா அசைக்காதீங்க, ரோடு திறக்கட்டும்" என்றார். சரிவைத் தாண்டுவதென்றால் இடுப்பளவு சேற்றில் நாலு பேர் கட்டிலைத் தோளில் வைத்து நடக்கவேண்டும், மண் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளை உயிரோடிருந்தால் அந்தப் பயணமே இரண்டு உயிரையும் எடுத்துவிடும். இல்லையென்றால் இங்கே வைத்திருப்பது தாயின் உயிரை எடுத்துவிடும். இரண்டில் எது என்று ஊசிமுடியில் சொல்லக்கூடிய காது எப்சிபாவுடையது ஒன்றுதான், அந்தக் காதுக்கு டிரம்ஸ் மட்டும்தான் கேட்டது. அவள் அன்றைக்கு அந்த நாலு பேரையும் அவர்கள் வேனையும் வாட்சர் ராமையாவையும் மனதுக்குள் திட்டாத திட்டில்லை.

வியாழக்கிழமை காலையில் மழை விட்டது. நாலு நாள் கழித்து அன்றைக்குத்தான் பெரட்டுக்களத்தில் வரிசை நின்றது. மழை நாளில் ஃபேக்டரி வராந்தாவில் கும்பலாக ஒண்டிக்கொண்டு பேர் கொடுப்பார்கள், வரிசை கிடையாது. பெரட்டு முடிந்த கையோடு கங்காணி மாசிலாமணி, அறுபது வயதில், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஓடி வந்தார். முப்பது வருஷமாக நம்பர் கூப்பிடுகிறவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் முகம் நனைந்திருந்தது.

"சிஸ்டரம்மா, நான் ஒண்ணுன்னு கூப்பிட்டேன். அவன் இருக்கேன்னு வாயத் தொறந்தான், வாய்க்குள்ளருந்து கிதார் வருது. ரெண்டுன்னேன், அந்தக் கிதார இவ வாங்கி மேல கொண்டுபோறா. மூணு, நாலு, அஞ்சு... ஞாயித்துக்கெழம வாசிச்ச அந்தக் கடசிப் பாட்டு, அப்படியே, மொதல்லருந்து கடைசிவரைக்கும். சங்கரபாண்டிட்ட வந்ததும் 'சிங்'குனு ஒரு தட்டு. அந்த எடத்துல அது இல்லன்னா பாட்டே இல்ல சிஸ்டரம்மா! அவன் அழுதுட்டான். நான் ஒருத்தன்தான் கூப்பிடுற ஆளு, எங்கையால அது நடந்துச்சு."

எப்சிபாவுக்கு அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை, ஆனால் வேறு வழியில்லாமல் கேட்டாள். "நம்பர் வாரதுக்கு முன்ன அவங்க நெஞ்சுக்குள்ள என்ன ஓடுது, கங்காணி?"

"ஒண்ணுமில்ல. சந்தேகத்துக்கு ரெண்டு பேர் முதுகுல காத வச்சே பாத்தேன். நான் ஒண்ணுன்னு கூப்பிட்ட நிமிசத்துலருந்து அவங்கவங்க சத்தம் மொற வர்றவரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கிது."

"களத்துல?"

"களம் பூரா இடி. ஒருத்தன் எடுத்தத அடுத்த நம்பர் வாங்குற வரைக்கும் அவன் விட முடியல. நான் நடுவுல நிறுத்தினாலும் அது பாட்டுக்கு அதிருது." இதைச் சொல்லிவிட்டுக் கங்காணி புத்தகத்தைப் பிரித்து ஒரு வரியில் விரல் வைத்தார். "ஒரே எடத்துலதான் நின்னுது. நூத்திப் பதினேழுல. அடுத்த நம்பரு பூங்காவனம்தான் இங்க கெடக்காளே, அதுவும் சேந்து நின்னுது."

நூற்றுப் பதினேழு தங்கப்பழத்தின் நம்பர். ஊசிமுடியில் செத்தவர் நம்பரை ஒரு வருஷத்துக்கு இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. வரிசையில் அந்த இடத்தை விட்டுத்தான் நிற்பார்கள், கங்காணி நம்பரைக் கூப்பிடுவார், ஒரு மூச்சு பொறுப்பார், அடுத்த நம்பருக்குப் போவார். கச்சேரியிலும் அந்த இடத்தை விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்துக்கு வந்த இரண்டு விநாடி யாருக்குள்ளும் போகாமல் புல்லோடு போய்விட்டது.

எப்சிபா ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "எனக்கு இன்னொரு பெரட்டு வேணும், கங்காணி. இப்பவே. பூங்காவனம் அவ எடத்துல இருக்கணும்."

ஒரு நாளைக்கு இரண்டு பெரட்டு என்பது எஸ்டேட் சரித்திரத்திலேயே கிடையாது. ஃபீல்டு ஆபீசர் கொழுந்து முற்றிப்போகும் என்று குதித்தார், கங்காணி அவரைத் தாண்டிப் போய் ஃபேக்டரிச் சங்கை ஊதச் சொன்னார். மலையின் நாலு பக்கத்திலிருந்தும் கூடையோடு இறங்கி வந்தார்கள். சேதி அதற்குள் எல்லாருக்கும் போயிருந்தது. அவள் நம்பரான நூற்றுப் பதினெட்டாம் இடத்தில் கொழுந்துச் சாக்குகளை அடுக்கிப் பூங்காவனத்தைப் படுக்கவைத்தார்கள். அவளுக்கு இடது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் தரை. எப்சிபா அந்தத் தரையில் மண்டியிடப் போனவள், சட்டென்று எழுந்து சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் மண்டியிட்டாள். குழலை வைத்துக் காதைப் பொருத்தினாள். கால்கள் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தன.

"ஒண்ணு."

"இருக்கேன்."

கங்காணி சொன்னது வாஸ்தவம், அந்த நொடியே குழலுக்குள் கால்கள் ஓய்ந்தன. அதற்குப் பிறகு நடந்ததை எப்சிபா யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. எத்தனையோ பேர் நெஞ்சில் துண்டு துண்டாகக் கேட்டது அவள் முன்னால் எழுந்து நின்று நடந்தது. ஈரத் தலைத்துண்டும் இலைக்கறை விரலுமாக நின்ற கிழவிகள் வாயிலிருந்து இரும்பு உருகி ஓடியது, கூன் விழுந்த பிச்சைக்கனி வாயிலிருந்து சாக்ஸபோன் ஏறியபோது பக்கத்து மலையில் மேகம் ஒதுங்கியது, ஒருவர் விட்டதை ஒருவர் கைநழுவாமல் வாங்கி, கொஞ்சம் கோபத்தைச் சேர்த்து, கொஞ்சம் குறும்பைச் சேர்த்து, அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். அன்றாடம் கூலிக்குப் பேர் கொடுக்கிற அந்த வாய்களில் இப்படி ஒன்று இருந்திருக்கிறதே, பதினெட்டு வருஷமாக இவர்கள் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லையே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். வேலை நேரத்தில் அழுவது அவளுக்குப் பிடிக்காது. கண்ணைத் துடைக்கக் கை இல்லாததால் அது பாட்டுக்கு வழிந்தது. குழலுக்குள் களத்தின் அதிர்வைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

நூற்றுப் பதினாறு முத்துப்பேச்சி. அவளிடம் வந்தபோது எல்லா வாத்தியமும் ஒன்றாகச் சேர்ந்து உச்சத்தில் இருந்தது.

"நூத்திப் பதினேழு."

சத்தம் நின்றது.

ஒரு மூச்சுதான் வழக்கம். ஆனால் அந்த மூச்சு எவ்வளவு நீளம் என்று யாரும் எந்தக் காலத்திலும் விதி எழுதி வைக்கவில்லை. கங்காணி மாசிலாமணி நெஞ்சு கொண்டமட்டும் இழுத்து அடக்கிக்கொண்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அடக்கிக்கொண்டார்கள். ஓடையில் தண்ணீர் போவது கேட்டது. எப்சிபா கண்ணை மூடினாள். முதலில் தாயின் துடிப்பு, மெதுவானது, அதை ஒதுக்கினாள். குடல் இரைச்சல், அதை ஒதுக்கினாள். குழலை ஒரு விரற்கடை கீழே நகர்த்தினாள். ஒன்றுமில்லை. இன்னும் ஒரு விரற்கடை, இடது பக்கம், அந்த வெறும் தரைப் பக்கம். கங்காணியின் முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்தது. பூங்காவனம் வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள்.

எங்கேயோ ரொம்ப ஆழத்தில், சின்னதாக, அவசரமாக, யாரையும் பொருட்படுத்தாமல் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. எப்சிபா நம்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஐந்து விநாடிக்குப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு. அது பூங்காவனத்துடையதல்ல, அயர்ன் மைனாவுடையதல்ல, யாரிடமிருந்தும் வாங்கியதல்ல.

"இருக்கு!" என்று கத்தினாள்.

கங்காணி மூச்சை விட்டார், களம் முழுக்க மூச்சை விட்டது, பெரிய காற்று ஒன்று தேயிலை மேல் அடித்துப் போன மாதிரி இருந்தது. பூங்காவனத்தின் கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. கங்காணி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டு, புத்தகத்தில் ஐந்து மாசமாக வெறுமையாகக் கிடந்த கட்டத்தின் மேல் வைத்தார். அரை நாள் வேலைக்கு அரைப்பேர் என்று ஒரு குறி உண்டு, முன்காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் போடுவார்கள்.

"நம்பருக்குப் பதில் வந்திருச்சுல்ல," என்றார், முப்பது வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தபடி. "அப்பன் நம்பர். எம் மருமவனுக்கு இன்னைக்கு அரைப்பேர் போடுறேன்."

"வேண்டாம் கங்காணி."

படுத்திருந்தவள் ஒரு முழங்கையை ஊன்றி எழுந்திருந்தாள். புருஷன் செத்த நாளிலிருந்து அவள் குரலை இவ்வளவு சத்தமாக யாரும் கேட்டதில்லை.

"எம் புள்ள பேரு அந்தப் பொஸ்தகத்துல ஏறக் கூடாது. அரையும் வேண்டாம், முழுசும் வேண்டாம். அவங்கப்பன் எடம் காலியாவே இருக்கட்டும்."

பேர் கொடுத்தால்தான் கூலி, கூலி இருந்தால்தான் அடுப்பு என்று அறுபது வருஷமாக நிற்கிற வரிசை அது. இருக்கு என்று பதில் வந்த எந்த நம்பருக்கும் மாசிலாமணி குறி போடாமல் விட்டதில்லை. அவர் அவளைப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார், பென்சில் முனையில் ஊறியிருந்த எச்சிலை வேட்டியில் துடைத்தார். கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"நூத்திப் பதினெட்டு."

"இருக்கேன்" என்றாள் பூங்காவனம். அவள் வாயிலிருந்து இரண்டு கால்களும் தட தட தடவென்று புறப்பட்டுக் களத்தைத் தூக்கின. குழலைக் கீழே வைத்துவிட்டு வயிற்றில் சாய்த்திருந்த எப்சிபாவின் கன்னத்தில் உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது.